இலையுதிர் காலத்து அடுக்குப் புட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரங்கிக்காயும் ஆப்பிளும் நிறைந்து கிடைக்கும் இலையுதிர் காலத்தில், விருந்து மேசையின் நடுவில் வைப்பதற்கென்றே பிறந்த இனிப்பு இது. கண்ணாடிக் கிண்ணத்தின் பக்கவாட்டில் பழுப்பு, பொன், செம்மஞ்சள், வெண்மை என்று கோடு கோடாகத் தெரியும் அந்த அழகுக்காகவே பலர் இதைச் செய்யத் தொடங்குகிறார்கள். மறுநாள் காலையில் கோடுகள் கலங்கி, அடியில் நீர் தேங்கி நிற்பதைக் கண்டு மனம் தளர்ந்தும் போகிறார்கள். இதுவரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி அந்த நீரில்தான் வந்து நின்றிருக்கின்றன. ஆகவே கீழே உள்ள பதில்களிலும் அதைப் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும்.

அடுக்குப் புட்டிங் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேக், வேகவைத்த பழம், கஸ்டர்ட், அடித்த கிரீம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிண்ணத்தில் பரப்பி, குளிரவைத்து, கரண்டியால் அள்ளிப் பரிமாறும் இனிப்பு இது. டிரைஃபிள் என்ற பெயரில் இங்கிலாந்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் இனிப்பின் வழியில் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அந்தப் பெயர் சர்க்கரையும் இஞ்சியும் பன்னீரும் சேர்த்த கெட்டியான கிரீமை மட்டுமே குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அடியில் பிஸ்கட்டும் அதன்மேல் கஸ்டர்டும் சேர்ந்து இன்றைய வடிவம் உருவானது. பெயர் எதுவானாலும் செய்முறையின் உயிர் ஒன்றுதான்: ஒவ்வோர் அடுக்கும் தனியாகவே சுவைத்து உண்ணத் தக்கதாக இருக்க வேண்டும், ஒன்றின் ஈரம் இன்னொன்றைக் கெடுக்கவும் கூடாது.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

3 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொள்ளும், பக்கங்கள் செங்குத்தாக நிற்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வேண்டும். பக்கங்கள் சரிந்த கிண்ணத்தில் மேலே போகப்போக அடுக்கு விரிந்து மெலிந்துவிடும்.

கேக் அடுக்குக்கு 400 கிராம் இஞ்சி கேக் தேவை. கஸ்டர்டுக்கு 450 கிராம் கெட்டியான பரங்கி விழுது, 500 மி.லி. கொழுப்பு நீக்காத பால், 4 முட்டையின் மஞ்சள் கரு, 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃப்ளார், 25 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், கால் தேக்கரண்டி துருவிய சாதிக்காய், ஒரு சிட்டிகை கிராம்புத் தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை வேண்டும். பழ அடுக்குக்கு 700 கிராம் ஆப்பிள், 50 கிராம் சர்க்கரை, 30 கிராம் வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கிரீம் அடுக்குக்கு 400 மி.லி. விப்பிங் கிரீமும் 40 கிராம் பொடித்த சர்க்கரையும். மேலே தூவுவதற்கு ஒரு கைப்பிடி வால்நட்.

கார்ன்ஃப்ளார் என்று நான் சொல்வது சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெண்மையான ஸ்டார்ச் தூளை. மஞ்சள் நிறச் சோளமாவைப் போட்டால் கஸ்டர்ட் நறநறவென்று ஆகிவிடும்.

எந்தப் பரங்கிக்காய் நல்லது? விழுதை எப்படிச் செய்வது?

சிறியதாகவும், கைக்குக் கனமாகவும், வெட்டினால் சதை இறுகி அடர்ந்த நிறத்தோடும் இருக்கும் பரங்கியே ஏற்றது. முகம் செதுக்கி அலங்கரிப்பதற்கென்று விற்கப்படும் பெரிய பரங்கிகளில் நாரும் நீரும் மிகுதி, இனிப்போ குறைவு. நல்ல பரங்கி அமையாவிட்டால், கழுத்து நீண்டு அடி பருத்திருக்கும் பட்டர்நட் வகையைத் தயங்காமல் வாங்கலாம். அதன் சதை இன்னும் மென்மையாக மசியும்.

பரங்கியைத் தண்ணீரில் வேகவைக்க வேண்டாம். அதன் சதையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர்தான். வேகவைத்தால் அதற்குமேலும் நீரை ஏற்றிக்கொள்ளும். 1¼ கிலோ எடையுள்ள பரங்கியை இரண்டாகப் பிளந்து, விதைகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெட்டிய பக்கம் கீழாகத் தட்டில் கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் சுட்டெடுங்கள். தோலின்மேல் விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். சதையை வழித்தெடுத்து மசித்த பின், மெல்லிய துணி விரித்த வடிகட்டியில் போட்டு ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள்.

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதன்முறை செய்தபோது நானும் விட்டேன். மறுநாள் கிண்ணத்தின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மஞ்சள் நீர் நின்றது, கேக் முழுவதும் அதில் ஊறிக் கூழாகியிருந்தது. காத்திருக்க நேரமில்லை என்றால், விழுதை அகலமான வாணலியில் போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், இரு கரைகளும் ஒன்றோடொன்று சேராமல் சில நொடிகள் அப்படியே நிற்க வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டால் போதும். இப்படிக் கிளறும்போது பச்சை வாடையும் போய்விடுவதால், நேரம் இருக்கும் நாட்களிலும் நான் இந்த முறையையே கையாளுகிறேன்.

டப்பாவில் வரும் பரங்கி விழுதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் பரங்கி மட்டும் உள்ள டப்பாவா, பை (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்வதற்காகச் சர்க்கரையும் மசாலாவும் முன்பே கலந்த டப்பாவா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். டப்பா விழுதையும் ஐந்து நிமிடம் வாணலியில் கிளறினால் அதன் தகர வாடை அடங்கும்.

கஸ்டர்டை எப்படிக் காய்ச்சுவது?

அடி கனமான பாத்திரத்தில் பாலைச் சூடாக்குங்கள். வேறொரு பாத்திரத்தில் மஞ்சள் கரு, சர்க்கரை, கார்ன்ஃப்ளார், உப்பு, மசாலாத் தூள்கள் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலக்குங்கள். இறுகலாக இருந்தால் இரண்டு கரண்டி குளிர்ந்த பால் சேர்க்கலாம். சூடான பாலில் ஒரு குழிக்கரண்டி எடுத்து, மெல்லிய தாரையாக இந்தக் கலவையில் ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் கலக்குங்கள். இப்படி இரண்டு மூன்று கரண்டி சேர்ந்து கலவை வெதுவெதுப்பான பிறகு, அனைத்தையும் பால் பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் விடாமல் கிளறுங்கள். மஞ்சள் கருவை நேராகக் கொதிக்கும் பாலில் போட்டால் அது நொடியில் வெந்து துணுக்கு துணுக்காகிவிடும்.

கலவை கெட்டிப்பட்டு, எரிமலைக் குழம்பைப் போலக் குமிழ்கள் பொதக் பொதக்கென்று வெடிக்கத் தொடங்கிய பிறகும் முழுதாக ஒரு நிமிடம் கிளற வேண்டும். அதன் பின் அடுப்பை அணைத்து, வெண்ணெயையும் பரங்கி விழுதையும் சேர்த்து மென்மையாகும்வரை கலக்குங்கள். விழுதைச் சூட்டிலேயே கலந்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: கார்ன்ஃப்ளாரால் இறுகிய கஸ்டர்டை ஆறியபின் அடித்துக் கலக்கினால், அதன் கட்டுக் குலைந்து இளகிவிடும்.

முட்டை சேர்ந்த கஸ்டர்டைக் கொதிக்கவிடக் கூடாது என்கிறார்களே?

முட்டையை மட்டுமே நம்பிக் கெட்டிப்படும் கஸ்டர்டுக்கு அந்த எச்சரிக்கை மிகச் சரி. அது 75 முதல் 82 டிகிரிக்குள் கெட்டிப்படும். 85 டிகிரியைத் தாண்டினால் திரிந்துபோகும். இங்கே கார்ன்ஃப்ளாரும் இருக்கிறது. வெப்பத்தில் ஸ்டார்ச் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து, முட்டையின் புரத இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்ளாதபடி இடையில் நிற்கின்றன. அதனால் கொதித்தாலும் திரிவதில்லை.

கொதிக்காமல் விட்டால்தான் கேடு. முட்டையின் மஞ்சள் கருவில் ஸ்டார்ச்சைச் சிதைக்கும் அமிலேஸ் என்ற நொதி உண்டு. கொதிநிலையில் அது செயலிழந்துவிடும். அதற்கு முன்பே இறக்கிவிட்டால், குளிர்பெட்டிக்குள்ளும் அது தன் வேலையை நிறுத்துவதில்லை. இரவில் கெட்டியாக இருந்த கஸ்டர்ட் காலையில் நீர்த்துப் போயிருக்கிறது, என்ன தவறு செய்தேன் என்று கேட்டவர்களில் அநேகருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அந்த ஒரு நிமிடக் கொதியைக் கொடுக்கவில்லை.

கஸ்டர்ட் கட்டி தட்டிவிட்டால் என்ன செய்வது?

சூடாக இருக்கும்போதே, பரங்கி விழுது சேர்ப்பதற்கு முன்பாக, கண்ணுள்ள வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து வடித்துவிடுங்கள். அடிப்பிடித்த வாடை வந்துவிட்டதென்றால் அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சுவைத்துப் பாருங்கள். கருகல் வாடை ஏறியிருந்தால் மீண்டும் காய்ச்சுவதைத் தவிர வேறு வழியில்லை.

மேலே ஆடை படியாமல் ஆறவைப்பது எப்படி?

கிளிங் ஃபிலிம் என்ற ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கஸ்டர்டின் மேற்பரப்பைத் தொட்டு ஒட்டும்படி விரித்துவிடுங்கள். பாத்திரத்தின் விளிம்பில் மட்டும் மூடினால், உள்ளே ஆவி கோத்துத் துளி துளியாக மீண்டும் கஸ்டர்டிலேயே சொட்டும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு?

மஞ்சள் கருவை விட்டுவிட்டு, கார்ன்ஃப்ளாரை 55 கிராமாகவும் வெண்ணெயை 40 கிராமாகவும் உயர்த்துங்கள். பரங்கியே பொன்னிறம் தந்துவிடுவதால் முட்டை இல்லாத குறை கண்ணுக்குத் தெரியாது. கஸ்டர்ட் பவுடரையும் பயன்படுத்தலாம். முட்டை ஒவ்வாமல் போன தம் மனைவிக்காக 1837-இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற வேதியியலாளர் உருவாக்கியதுதான் முட்டையில்லாக் கஸ்டர்ட் பவுடர். அதன் அடிப்படையும் கார்ன்ஃப்ளாரே. பாலும் வேண்டாம் என்பவர்கள் ஓட்ஸ் பாலிலோ கெட்டியான தேங்காய்ப் பாலிலோ இதே முறையில் காய்ச்சலாம். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள்.

ஆப்பிளைப் பச்சையாகவே அடுக்கலாமா?

கூடாது. சர்க்கரை பட்ட பச்சை ஆப்பிள் நீரை விட்டுக்கொண்டே இருக்கும், நறுக்கிய பக்கமும் கறுக்கும். புளிப்பும் உறுதியும் உள்ள ஆப்பிளைத் தோல் சீவி ஒன்றரைச் சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, எலுமிச்சைச் சாற்றில் புரட்டி, அகன்ற வாணலியில் வெண்ணெய் உருகியதும் சர்க்கரையோடு சேர்த்து வதக்குங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் வாணலி முழுக்கச் சாறு தேங்கி நிற்கும். அப்போது பயந்து இறக்கிவிடாமல், தீயைச் சற்றுக் கூட்டிச் சாறு வற்றும்வரை விடுங்கள். துண்டுகளின் மேல் பளபளப்பாகப் பாகு பூசினாற்போல ஒட்டிக்கொண்டு, வாணலியைச் சாய்த்தால் ஓடிவர ஒன்றும் இல்லாத நிலை வர வேண்டும். ஆப்பிளுக்குப் பதிலாகப் பேரிக்காயும் நன்றாக இருக்கும், ஆனால் அதில் சாறு இன்னும் அதிகம் என்பதால் வற்றவைக்கும் நேரமும் நீளும்.

கேக் புதிதாக இருக்க வேண்டுமா?

முந்தைய நாள் செய்ததே சிறந்தது. சற்று உலர்ந்த கேக், கஸ்டர்டிலிருந்து வரும் சிறிதளவு ஈரத்தைத் தானே வாங்கிக்கொண்டு மிருதுவாகும். புதிய கேக்குக்கு அந்த இடம் இல்லை. புதிதாகத்தான் இருக்கிறதென்றால் இரண்டரைச் சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 150 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் உலர்த்துங்கள். இஞ்சி கேக் கிடைக்காதபோது சாதாரண ஸ்பஞ்ச் கேக் போதும். அப்போது கஸ்டர்டில் சுக்குத் தூளை ஒரு தேக்கரண்டியாக்கிவிடுங்கள்.

பாகில் நனைக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். பழைய முறையில் ஷெர்ரி போன்ற ஒயினைத் தெளிப்பார்கள். குழந்தைகளும் உண்ணும் விருந்தாக இருந்தால் ஆப்பிள் சாறு போதும். எதுவானாலும் மொத்தக் கேக்குக்கும் நான்கு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

கிரீம் சில மணி நேரத்தில் தளர்ந்து நீர் விட்டுவிடுகிறது. ஏன்?

கிரீமை அடிக்கும்போது அதிலுள்ள கொழுப்புத் துளிகள் ஓரளவு ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுக் குமிழ்களைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. கொழுப்பு 30 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்தச் சுவர் எழும்பவே எழும்பாது. 35 விழுக்காடு இருந்தால் உறுதியாக நிற்கும். கிரீம் சூடேறினாலும் கொழுப்பு இளகிச் சுவர் சரியும். எனவே கிரீமை மட்டுமின்றி, அடிக்கும் பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுங்கள்.

பீட்டரை உயர்த்தும்போது எழும் முனை, நுனி மட்டும் சற்றே வளைந்து நின்றால் அதுவே சரியான பதம். அதற்கு மேலும் அடித்தால் கிரீம் பொரபொரவென்றாகி வெண்ணெயாகத் திரளத் தொடங்கும். பொரபொரப்பு தொடங்கிய நிலையிலேயே கவனித்துவிட்டால், அடிக்காத கிரீம் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றிக் கையால் மெல்லப் புரட்டினால் மீண்டும் மிருதுவாகும்.

நெடுநேரம் நிற்க வேண்டுமானால், 150 கிராம் கிரீம் சீஸை முதலில் தனியாக மென்மையாக்கி, சர்க்கரை சேர்த்து, அதனுடன் கிரீமை ஊற்றி அடியுங்கள். அதன் மெல்லிய புளிப்பு பரங்கியின் இனிப்புக்கு நல்ல துணை. தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம் பெரும்பாலும் முன்பே இனிப்பூட்டப்பட்டது. அதைப் பயன்படுத்தினால் சர்க்கரை சேர்ப்பதற்கு முன் ஒரு துளி சுவைத்துப் பாருங்கள்.

அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல், கோடு தெளிவாக நிற்க என்ன செய்யலாம்?

எல்லாம் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான கஸ்டர்டின் மேல் கிரீமைப் பரப்பினால் அந்தக் கணமே அது உருகி வெள்ளைத் தாரையாக உள்ளே இறங்கும்.

எல்லாப் பொருள்களையும் இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டு கேக், ஆப்பிள், கஸ்டர்ட், கிரீம் என்ற வரிசையை இரண்டு முறை அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் முதலில் கண்ணாடியை ஒட்டிய ஓரத்தில் வைத்து வட்டத்தை முடித்துவிட்டு, பிறகு நடுவை நிரப்ப வேண்டும். நடுவில் கொட்டி ஓரத்துக்குத் தள்ளினால், தள்ளும் கரண்டி கீழுள்ள அடுக்கையும் சேர்த்து இழுத்துவரும். கேக் துண்டுகளின் வெட்டிய முகம் கண்ணாடியைப் பார்க்கட்டும். இடுக்குகளைச் சிறு துண்டுகளால் அடைத்துவிட்டால் கஸ்டர்ட் கீழே வழியாது. கஸ்டர்டுக்கும் கிரீமுக்கும் அகன்ற வாயுள்ள பைப்பிங் பையை (நுனி வழியாகப் பிழியும் கூம்புப் பை) பயன்படுத்தினால் கை நடுங்கினாலும் கோடு நேராக வரும். கண்ணாடியின் உட்பக்கத்தில் தெறித்ததை, அடுத்த அடுக்கைத் தொடங்கும் முன்பே, ஈரத் தாளை விரலில் சுற்றித் துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் துடைத்தால் அழுக்குப் படிந்தாற்போலத் தெரியும்.

துண்டு போட்டுப் பரிமாறும்படி இறுகச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. கரண்டியில் குழைந்து வருவதே இதன் இயல்பு. கட்டாயம் வேண்டுமென்றால் கிரீமில் ஒரு தேக்கரண்டி ஜெலட்டினைச் சேர்க்கலாம்: இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மெல்லச் சூடாக்கிக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறியபின் அடித்துக்கொண்டிருக்கும் கிரீமில் தாரையாக ஊற்ற வேண்டும். ஜெலட்டின் விலங்குப் பொருள் என்பதை விருந்தினரிடம் சொல்லிவிடுவது கடமை. கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகர் அதற்கு மாற்று என்றாலும், அது கொதித்தால்தான் கரையும், 40 டிகிரிக்கு அருகிலேயே உறைந்தும் விடும். ஆகவே அதைக் குளிர்ந்த கிரீமில் கலக்க இயலாது, கொதிக்கும் கஸ்டர்டில்தான் சேர்க்க முடியும்.

எத்தனை நாள் முன்பாகச் செய்து வைக்கலாம்?

விழுதும் கேக்கும் இரண்டு நாள் முன்பு, கஸ்டர்டும் ஆப்பிளும் முந்தைய நாள் காலை, அடுக்குவது முந்தைய நாள் மாலை என்று பிரித்துக்கொண்டால் விருந்தன்று கைகள் ஓய்வாக இருக்கும். அடுக்கியபின் குறைந்தது ஆறு மணி நேரம் குளிர வேண்டும். 5 டிகிரிக்கு மேற்படாத குளிர்பெட்டியில் இரண்டு நாள் நன்றாக இருக்கும். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் என்பதால் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். உறைபெட்டியிலும் வைக்காதீர்கள், கார்ன்ஃப்ளாரின் கட்டு உறைந்து உருகும்போது உடைந்து, பஞ்சைப் பிழிந்ததுபோல நீர் வெளியேறும்.

மேலே தூவிய வால்நட் நமத்துப்போகிறதே?

பரிமாறுவதற்குச் சற்று முன்பு தூவுங்கள். சர்க்கரைப் பாகில் புரட்டிய வால்நட்டாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. பாகு கிரீமின் ஈரத்தை இழுத்து ஒரு மணி நேரத்திலேயே பிசுபிசுத்துவிடும்.

விருந்தினர் வரும் நேரம். அடியில் நீர் தேங்கிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. கிண்ணத்தின் ஓரமாக ஒரு நீண்ட உறிஞ்சுகுழலை அடிவரை இறக்கி, மேல்முனையை விரலால் மூடி உயர்த்தினால் குழலில் நீர் ஏறி நிற்கும். பத்துப் பதினைந்து முறை இப்படி எடுத்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய கிண்ணத்தை மறந்துவிட்டு, சிறிய கண்ணாடிக் குவளைகளின் அடியில் பொடித்த இஞ்சி பிஸ்கட்டை இரண்டு கரண்டி பரப்பி, அதன்மேல் புட்டிங்கை அள்ளி வைத்துப் புதிய கிரீமால் மூடிக் கொடுங்கள். பிஸ்கட் அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

பரிமாறும்போது எல்லா அடுக்கும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டுமே?

நீண்ட காம்புள்ள பெரிய கரண்டியைக் கண்ணாடியை ஒட்டிச் செங்குத்தாக அடிவரை இறக்கி, அடியில் கேக் தட்டுப்பட்டதும் திருப்பி மேலே கொண்டுவாருங்கள். முதல் கரண்டியை எடுக்கும்போது வடிவம் சற்றுக் குலையும். அதைப் பொருட்படுத்தாமல், எடுத்த பள்ளத்தின் விளிம்பிலிருந்தே அடுத்தடுத்து அள்ளிக்கொண்டு போனால், எஞ்சிய பக்கத்தில் கோடுகள் கடைசிவரை தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும்.